கதிர்காமத்துக்கு நடந்த மகான்: யோகர் சுவாமிகள்

ஈழத்திருநாட்டில் வாழ்ந்த சைவப் பெரியோருள் யோகர் சுவாமிகளின் திருநாமத்தை அறியாதார் சிலரே. ஆயினும், மலைநாட்டுத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம்மிற் பலருக்கு அவர் யாழ்ப்பாணத்துச் சாமியார், வெண்தாடியுடன் சுவரில் தொங்கும் ஒரு படம், அவ்வளவே. நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவருடைய சரித்திரத்தைப் படிக்கப் புகுந்தபோதுதான், அவர் வாழ்க்கையின் ஒரு வேர் நமது மஸ்கெலியா மண்ணிலும் ஓடியிருப்பதை அறிந்தேன். இவ்வாண்டு மலருக்கு ஒரு மகானின் வரலாறு எழுதித் தருமாறு சங்கத்துச் செயலாளர் அண்ணன் பணித்தபோது, அவர் பெயரே முதலில் நினைவுக்கு வந்தது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதனை உரிய இடத்திற் சொல்வேன்.

பிறப்பும் இளமையும்

சுவாமிகள் 1872ஆம் ஆண்டு மே மாதம் 29ஆந் திகதி, யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தில், கந்தசுவாமி கோயிலுக்கு அண்மையில் அவதரித்தார். தந்தையார் அம்பலவாணர், தாயார் சின்னாச்சியம்மையார். சதாசிவம் என்று பெயரிடப்பட்ட குழந்தைக்குப் பின்னர் யோகநாதன் என்னும் பெயரே நிலைத்தது. பத்து வயது நிரம்பு முன்னரே தாயை இழந்த அச்சிறுவன், கொழும்புத்துறையில் உறவினரின் அரவணைப்பில் வளர்ந்தான்.

தந்தையார் வாணிகம் செய்த ஊர் நமது மஸ்கெலியா. அந்தக் காலத்தை நாம் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் கோப்பித் தோட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அழித்துக்கொண்டிருந்தது. அழிந்த கோப்பியின் இடத்தில் தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. புகையிரதம் நாவலப்பிட்டிக்கு 1874இலும், ஹட்டனுக்கு 1884இலும் வந்து சேர்ந்தது. தோட்டங்கள் பெருகப் பெருக, அரிசியும் பருப்பும் கருவாடும் துணியும் விற்கும் கடைகளும் பெருகின. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கடை வைத்த பலருள் அம்பலவாணரும் ஒருவர். மகன் யோகநாதனும் இளமையில் சிறிது காலம் மஸ்கெலியாவில் தந்தையுடன் இருந்ததுண்டு. ஆனால் அவருடைய மனம் தராசிலும் கணக்கேட்டிலும் பதியவில்லை. வியாபாரம் இவருக்கு ஒத்துவராது என்பதைத் தந்தையார் விரைவிலேயே கண்டுகொண்டார்.

அந்தப் பழைய மஸ்கெலியா நகரம் இன்று நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது அது நீருக்குள் மறைந்தது. கோடை முற்றி நீர் வற்றும் ஆண்டுகளில் பழைய கோயிலின் சுவர்கள் வெளியே தெரியும். அவற்றைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், அந்தத் தெருக்களில் ஒருகாலம் யோகர் சுவாமிகளும் நடந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வார்களாக. அத்தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் சிவனொளிபாதமலை தெரியும். யாத்திரைக் காலத்தில் மலையேறப் போவோர் மஸ்கெலியாவைக் கடந்தே நல்லதண்ணிக்குப் போவர். கடைக்காரர் மகனாக இருந்த அவ்விளைஞரும் அந்த மலையைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

சுவாமிகள் ஆங்கிலக் கல்வி கற்றது யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில். அது கத்தோலிக்க குருமார் நடத்திய கல்லூரி. நானும் மிஷன் பாடசாலையிற் படித்தவன். காலையில் வேறு ஜெபமும் மாலையில் வீட்டில் திருநீறுமாக வளர்ந்த பிள்ளைகளின் மனத்தடுமாற்றம் எனக்குத் தெரியும். சுவாமிகள் அக்கல்வியைக் குறைவாக எண்ணவுமில்லை. அதனால் தம் வழியை இழக்கவுமில்லை. பிற்காலத்தில் கிறிஸ்தவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் அவரிடம் வந்தனர். வந்தவரை அவரவர் சமயத்தை விடச் சொன்னதில்லை. அதிலே உறுதியாக நிற்கவே சொன்னார்.

உத்தியோகமும் உள்ளத் தேட்டமும்

கல்லூரியை விட்டபின், வன்னியில் கிளிநொச்சிப் பகுதியில் நடைபெற்ற நீர்ப்பாசன வேலைகளிற் களஞ்சியப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். அந்நாளிற் கிளிநொச்சி பெருங்காடு. மலேரியாவும் யானைகளும் நிறைந்த அவ்விடத்தில் உத்தியோகம் பார்ப்பதை விரும்புவோர் குறைவு. அவருக்கோ அத்தனிமையே வாய்ப்பாயிற்று. பகலில் மண்வெட்டியும் கடப்பாரையும் எண்ணிக் கொடுத்தார். இரவில் திருமுறைகளையும் தத்துவ நூல்களையும் படித்தார். நெடுநேரம் தியானத்தில் அமர்ந்தார். களஞ்சியத்துக் கணக்கில் ஒரு ஆணியும் தவறாத நேர்மையாளர் என்ற நற்பெயரும் அவருக்கு இருந்தது.

1897ஆம் ஆண்டு தை மாதம் சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டு வெற்றிப் பயணத்தை முடித்துக்கொண்டு கொழும்பில் வந்திறங்கி, கண்டி, மாத்தளை, அனுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் சென்று, இந்துக் கல்லூரியிற் பேருரை ஆற்றினார். அக்கூட்டத்தில் யோகநாதனும் இருந்தார். அன்று அவருக்கு வயது இருபத்தைந்தும் நிரம்பவில்லை. அதாவது, இக்கட்டுரையைப் படிக்கும் நம் சங்கத்து வாலிபர் பலருடைய வயதே. அவ்வுரை அவர் உள்ளத்தில் நெருப்பை மூட்டியது. ஆயினும் அந்நெருப்பைக் காத்து வளர்க்க ஒரு குரு வேண்டியிருந்தது. அவர் கிடைக்க மேலும் எட்டு ஆண்டுகள் சென்றன.

தேரடியில் குருவைக் காணல்

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரடியில் அக்காலத்தில் ஒருவர் கந்தலாடையுடன் தமக்குத் தாமே பேசிக்கொண்டு இருப்பார். ஊரார் அவரைப் பைத்தியம் என்பர். கச்சேரியில் உத்தியோகம் பார்த்து அதனை உதறிய அவர்தான் செல்லப்பா சுவாமிகள். கடையிற் சுவாமிகளின் சீடர். யாராவது பக்தியோடு நெருங்கினால் திட்டி விரட்டுவார். ஆசையோடு சமைத்த சோற்றை, உண்ணும் வேளையிற் பானையோடு உடைத்துவிடுவார் என்றும் சொல்வர்.

1905இல் ஒரு நாள் யோகநாதன் அந்தத் தேரடி வழியே வந்தபோது, செல்லப்பா சுவாமிகள் வீதியதிர, நீ யார் என்று அதட்டிக் கேட்டார். அந்த ஒரு கேள்வி யோகநாதனை நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டது. பெயரும் ஊரும் உத்தியோகமும் அதற்கு விடையாகா என்பது அவருக்கு அக்கணத்திலே விளங்கிற்று. அதன்பின் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் தேரடிக்கு வந்தார். முடிவில் உத்தியோகத்தையும் துறந்தார். நல்ல சம்பளமுள்ள அரசாங்க வேலையை விட்டு, ஊரார் பைத்தியம் என்று சொல்லும் ஒருவரின் பின்னால் அலைவதென்றால், உறவினர் எவ்வளவு வருந்தியிருப்பர் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

செல்லப்பா சுவாமிகள் புத்தகம் வைத்துப் பாடஞ் சொல்லவில்லை. வெயிலிலும் மழையிலும் சீடரைக் கூட்டிக்கொண்டு நாள் முழுவதும் நடப்பார். உணவு கிடைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. ஏசுவார், விரட்டுவார், மீண்டும் அழைப்பார். இவ்வாறு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் சென்றன. சீடர் பக்குவப்பட்டதைக் கண்ட குரு, இனித் தம்மருகில் இருக்கலாகாதென்று அவரை அனுப்பிவிட்டார். அவர் நடந்த வழி கதிர்காம வழி.

கதிர்காம யாத்திரை

சுவாமிகள் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்றது 1910ஆம் ஆண்டளவிலாகும். இதிலே நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதப் பாதை 1905இலேயே திறக்கப்பட்டுவிட்டது. தெற்கே மாத்தறை வரைக்கும் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே புகையிரதம் ஓடிற்று. ஆகவே, புகைவண்டியேறி மாத்தறையில் இறங்கினால், நடக்கவேண்டிய தூரம் மிகக் குறையும். வழி இருந்தும் அவர் நடந்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்கு நடப்போர் தொன்றுதொட்டுச் செல்லும் பாதை கிழக்குக் கரைப் பாதை. தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிற் புறப்பட்டு, வற்றாப்பளை அம்மனை வணங்கி, முல்லைத்தீவுக் கரையோரமாகத் திருகோணமலை சேர்ந்து கோணேசரைத் தரிசித்து, வெருகல், மட்டக்களப்பு மாமாங்கேசுவரம், திருக்கோயில், பொத்துவில், பாணமை வழியாக உகந்தையை அடைவர். அங்கிருந்து காடு. குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று பல நாள் காட்டில் நடந்தால் மாணிக்க கங்கை வரும். நடை ஏறத்தாழ ஒன்றரை மாதம். ஆடி அமாவாசையின்பின் தொடங்கும் திருவிழாவுக்குப் போய்ச் சேரும்படி நாளைக் கணக்கிட்டுப் புறப்படுவர்.

அந்த ஆண்டுகளில் அம்பாந்தோட்டை மாவட்டத்தை ஆண்ட ஆங்கில அதிகாரி லெனார்ட் வூல்ஃப் என்பவர். பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளரானவர். கதிர்காமத் திருவிழாவில் வாந்திபேதி பரவாது காப்பது அவருடைய பொறுப்பாக இருந்தது. ஆண்டுதோறும் கூடும் யாத்திரிகரை எண்ணுவதும், தண்ணீரையும் துப்புரவையும் கவனிப்பதும் அவர் வேலை. அரசாங்கம் இந்த யாத்திரையை நெடுங்காலம் கட்டுப்படுத்தி வந்ததற்கும் வாந்திபேதியே காரணம். அப்படிக் கட்டுப்படுத்தப்பட்ட யாத்திரிகருட் பெருந்தொகையினர் நமது தோட்டத் தொழிலாளராக இருந்தனர் என்பதை மறக்கலாகாது. அந்தப் பெருங்கூட்டத்தில், பெயர் தெரியாத ஒரு யாத்திரிகராகச் சுவாமிகளும் போயிருப்பார். காவியுடையோ பரிவாரமோ அவருக்கு என்றும் இருந்ததில்லை.

ஒரு நாள் நடை

அந்த நடையிற் சுவாமிகள் பட்ட அனுபவங்களை அவர் விரித்துச் சொன்னவரல்லர். ஆகவே, அப்பாதையில் ஒரு நாள் எப்படி இருக்கும் என்பதை நான் கண்டபடி சொல்கிறேன். சென்ற ஆண்டு ஆடி மாதம் நாங்கள் சங்கத்து நண்பர் மூவர், மட்டக்களப்புப் பக்கமிருந்து வந்த யாத்திரைக் கூட்டமொன்றோடு பாணமையிற் சேர்ந்து, உகந்தை வரை நடந்தோம். தூரம் சுமார் 16 கிலோமீற்றர். நம் மலையில் ஏறி இறங்கிப் பழகிய கால்களுக்கு அது பெரிதல்ல என்றுதான் புறப்பட்டோம்.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பினார்கள். வேலுக்குக் கற்பூரம் காட்டி, அரோகரா என்று கோஷமிட்டு இருளிலேயே நடை தொடங்கிற்று. முதல் இரண்டு மணி நேரம் இனிது. வெயில் ஏறியதும் நிலைமை வேறாயிற்று. மலைநாட்டுக் குளிரில் வளர்ந்த எங்களுக்கு அந்த வெயில் புதிது. காலின்கீழ் மணல் புதைந்தது. ஒருபுறம் கற்குன்றுகள், ஒருபுறம் முட்புதர்களும் வற்றிய களப்புகளும். பத்து மணிக்கு என் குதிகாலிற் கொப்புளம் எழுந்துவிட்டது. புதுச் சப்பாத்து வாங்கி வந்த பெருமை அதோடு போயிற்று.

கூட்டத்தில் எழுபது வயதுக்குக் குறையாத அம்மா ஒருவர் இருந்தார். வெறுங்கால், தலையில் ஒரு சிறு மூட்டை, அதற்குள் அரிசியும் ஒரு சட்டியும் மாற்றுச் சேலையும். அவர் என்னை மரநிழலில் உட்காரவைத்து, தேங்காயெண்ணெய் தடவி, தம் சேலைத் துண்டினாற் காலைக் கட்டிவிட்டார். தம்பி எந்த ஊர் என்று கேட்டார். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் என்றேன். அங்கிருந்து யாரும் இப்போது நடந்து வருவதில்லையா என்று கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. வாடகைக்கு பஸ் பிடித்து, இரவிற் புறப்பட்டு, மறுநாள் கும்பிட்டு, அன்றே திரும்பும் யாத்திரைதான் எனக்குத் தெரிந்தது.

நண்பகலில் ஒரு குளக்கரையில் அடுப்பு மூட்டினோம். சோறும் ஒரு பருப்புக் கறியும். சமைத்ததைப் பிறர்க்குக் கொடாமல் யாரும் உண்ணவில்லை. கூட்டத்தில் எல்லாரும் எல்லாரையும் சாமி என்றே அழைத்தனர். உத்தியோகத்தர் யார், கூலிக்குப் போகிறவர் யார் என்று பிரித்தறிய வழியில்லை. பொழுது சாய்ந்தபின் மீண்டும் நடந்து, விளக்கேற்றும் நேரத்தில் உகந்தை மலையடியை அடைந்தோம். முருகனும் வள்ளியும் வந்திறங்கியதாகச் சொல்லப்படும் கல்லோடம் அங்கே கடலோரத்தில் உண்டு. கடலின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு மணலிலேயே படுத்தோம்.

ஒரு நாள் நடையில் நான் அறிந்தது இதுதான். காலையில் என் மனத்தில் பரீட்சையும் நண்பர்களும் வீட்டுக் கவலையும் இருந்தன. நண்பகலில் தண்ணீரும் நிழலும் மட்டுமே இருந்தன. மாலையில் அடுத்த அடி ஒன்றே இருந்தது. சுவாமிகள் இவ்வாறு ஒரு நாளல்ல, வாரக்கணக்காக நடந்தார். தேரடியிற் கேட்ட அந்தக் கேள்வியை அவர் குரு ஏன் சீடரின் கால்களிடமும் ஒப்படைத்தார் என்பது எனக்கு அன்று சிறிது விளங்கியது போலிருந்தது.

இனி, நான் முன்னே சொல்லாமல் விட்ட காரணத்தைச் சொல்கிறேன். என் அப்பாயி நாற்பது ஆண்டு கொழுந்து பறித்தவர். என் தகப்பனார் குழந்தையாக இருந்தபோது கடுங்காய்ச்சல் கண்டு பிழைத்ததற்காகக் கதிர்காமத்துக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டார். ஒவ்வோர் ஆடியிலும் புறப்பட எண்ணுவார். அத்தனை நாள் வேலைக்குப் போகாவிட்டால் பேர் போய்விடும். பேர் போனால் அடுப்பு எரியாது. லீவு கேட்ட ஓராண்டு, கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நேர்த்திக் காணிக்கையை மஞ்சள் துணியில் முடிந்து தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அவர் காலமான பின்னும் அது அப்படியே இருந்தது. அந்த முடிச்சைத்தான் நான் கொண்டு போனேன். ஆனால் எனக்குப் பரீட்சை நெருங்கியிருந்தது. உகந்தையிலிருந்து திரும்பவேண்டிய நிலை. அன்றிரவு அந்த அம்மாவிடம் முடிச்சைக் கொடுத்து, சந்நிதியிற் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் முடிந்தார். மறுநாட் காலை அவர்கள் காட்டுக்குட் புகுந்தனர், நாங்கள் பஸ்ஸேறினோம்.

இலுப்பை மரத்தடியும் கொட்டிலும்

யாத்திரை முடித்துத் திரும்பிய சுவாமிகள் ஆச்சிரமம் எதனையும் அமைக்கவில்லை. 1915இல் செல்லப்பா சுவாமிகள் மகாசமாதி அடைந்தார். யோகர் சுவாமிகள் கொழும்புத்துறைச் சந்தியில் நின்ற இலுப்பை மரத்தடியிலே தங்கினார். வெயிலும் மழையும் அவருக்கு ஒன்றாக இருந்தன. நெடுநாட் சென்றபின்னரே அன்பரின் வேண்டுதலுக்கிணங்கி அருகிலிருந்த சிறு கொட்டிலில் இருக்க உடன்பட்டார். வாழ்நாளின் இறுதி வரை அதுவே அவர் இருப்பிடம்.

அக்கொட்டிலுக்கு வராதவர் யார்? நீதிபதிகளும் வைத்தியர்களும் ஆசிரியர்களும் வந்தனர். வண்டிக்காரரும் கமக்காரரும் வந்தனர். தேசாதிபதி சோல்பரிப் பிரபுவின் மகனும் சீடராக வந்தார். வந்தவர் உள்ளத்தில் நினைத்து வந்ததைக் கேட்கு முன்னரே சுவாமிகள் விடை கூறிவிடுவார் என்று அனுபவித்தோர் பலர் எழுதியுள்ளனர். சிலரை வாசலிலேயே விரட்டியதும் உண்டு. குருவிடம் கற்ற பாடம் அது. ஆயினும் நடையை அவர் விடவில்லை. விடியு முன் எழுந்து யாழ்ப்பாணத்து வீதிகளில் நெடுந்தூரம் நடப்பது அவர் வழக்கம். எந்த வீட்டில் நோயாளி உண்டோ, எந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லையோ, அங்கே முன்னறிவிப்பின்றிப் போய் நிற்பார்.

அவர் அவ்வப்போது பாடியவற்றை அன்பர் எழுதி வைத்தனர். அவையே நற்சிந்தனை என்னும் நூலாகி, இன்று சைவ வீடுகளிற் பாராயணம் செய்யப்படுகின்றன. சிவதொண்டன் என்னும் சஞ்சிகை தொடங்கிற்று. 1940இல் காசி வரை யாத்திரை செய்து மீண்டார். 1953இல் யாழ்ப்பாணத்தில் சிவதொண்டன் நிலையம் அமைந்தது. அங்கே வீண்பேச்சுக்கு இடமில்லை, தியானமும் படிப்புமே. செய்யும் தொழில் எதுவாயினும் அதனைச் சிவதொண்டாகச் செய்தலே அவர் காட்டிய நெறி. காட்டுக்கு ஓடச் சொல்லவில்லை. கணக்கெழுதுபவர் கணக்கை ஒழுங்காக எழுதட்டும், ஆசிரியர் பிள்ளைகளுக்கு ஒழுங்காகப் படிப்பிக்கட்டும் என்பதே அவர் கருத்து.

1961இல் தாம் அன்போடு வளர்த்த பசுவுக்கு உணவு கொடுக்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வாழ்நாள் முழுவதும் நடந்த அந்தக் கால்கள் அதன்பின் முன்போல் நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே, வந்தவர்க்கு முன்போலவே அருள் புரிந்தார். நடக்க முடிந்த காலத்தில் நடந்ததும், முடியாத காலத்தில் அமைதியாக இருந்ததும் அவருக்கு ஒன்றே. 1964ஆம் ஆண்டு பங்குனி மாதம் ஆயிலிய நட்சத்திரத்தில், 91ஆம் வயதில், மகாசமாதி அடைந்தார். ஆண்டுதோறும் பங்குனி ஆயிலியத்தில் அவருடைய குருபூசை நடைபெறுகின்றது.

நமக்கு அவர் யார்?

அன்பர்களே, நம் முன்னோரும் நடந்தவர்களே. தமிழ்நாட்டிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து இம்மலைகளுக்கு வந்தனர். வழியிலே பசியாலும் வாந்திபேதியாலும் மாண்டவர் எத்தனையோ ஆயிரம் பேர். அவர்களுக்கு அந்த நடை விதிக்கப்பட்டது. சுவாமிகளோ தம் நடையைத் தாமே ஏற்றுக்கொண்டார். விதிக்கப்பட்ட நடையில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு, விரும்பி நடக்கும் உரிமை இன்று இருக்கின்றது. என் அப்பாயிக்குக் கிடைக்காத அந்தச் சில நாள் எனக்குக் கிடைக்கும். கிடைத்தும் ஒரு நாளோடு திரும்பிவிட்டேன் என்பதை இந்த மலரில் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே, நமது சங்கத்தின் முன் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். வருகின்ற ஆடியில் உகந்தையிலிருந்து கதிர்காமம் வரை, காட்டு வழி முழுவதும் நடப்பதற்குப் பத்து வாலிபர் முன்வரவேண்டும். பெரியோர் நமக்கு வழிகாட்ட வேண்டும். நடக்க இயலாத மூதாட்டிகளின் லயத்து வீடுகளில், தகரப் பெட்டிகளுக்குள், மஞ்சள் முடிச்சுகள் இன்னும் எத்தனையோ இருக்கும். அவற்றைக் கேட்டு வாங்கி, நம் மடியில் முடிந்துகொண்டு நடப்போம். அம்பலவாணரின் கடை இருந்த மஸ்கெலியாவிலே, பழைய நகரை மூடிய நீரின் கரையில் நின்று சுவாமிகளை நினைத்து வணங்கிப் புறப்படுவோம். சப்பாத்துப் புதிதாக வாங்கவேண்டாம்.

யோகர் சுவாமிகள் திருவடி வாழ்க!